மரக் கொட்டகை கட்டுவோர் முதலில் தரையைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்வெட்டி, பூவாளி, உரமூட்டை எல்லாம் வைக்கத் தோட்டத்தில் ஒரு சின்ன மரக் கொட்டகையை வீட்டாரே கட்டிக்கொள்வது எப்படி என்று பத்திரிகைகளிலும் காணொளிகளிலும் அடிக்கடி செய்முறை வருகிறது. வரவேற்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சுவரிலிருந்து தொடங்குகின்றன. தரைக்கு ஒரே ஒரு வரி: "சமமான இடத்தில் வைக்கவும்." பல வருடம் நிற்க வேண்டிய கொட்டகை மூன்றாம் மழைக்காலத்திலேயே கதவு சிக்கி, அடிப்பலகை இற்றுப்போய் நிற்கிறதென்றால், பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் தப்பு. மொத்த வேலையில் பாதி நேரம் முதல் சுவர் எழும்புவதற்கு முன்பே செலவாக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும் அளவுகளையும் வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

அளவு 8 அடிக்கு 6 அடி என்று வைத்துக்கொள்வது நல்லது. இதில் இரண்டு வசதி. 8-ம் 6-ம் பக்கங்களானால் மூலைக்கு மூலை அளவு சரியாக 10 அடி வரும். கணக்குப் போட வேண்டியதில்லை, டேப் போதும். இன்னொன்று, ப்ளைவுட் 8 அடிக்கு 4 அடித் தாளாக வருவதால் ஒன்றரைத் தாளில் தளம் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் அரைத் தாள் உள்ளே அலமாரித் தட்டுக்கு ஆகும்.

இடம் தேர்வு செய்யும்போது, பலத்த மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்துத் தோட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் ஆகாது. பெரிய மரத்தின் அடியும் ஆகாது. இலை விழுந்து கூரை எப்போதும் ஈரமாகவே இருக்கும், வேர் தளத்தைத் தூக்கும். மதிலை ஒட்டி வைக்கவே கூடாது. பின்பக்கம் ஓர் ஆள் நுழைந்து வண்ணம் அடிக்கும்படி குறைந்தது 2 அடி விடுங்கள். தோண்டுமுன் அடியில் மின்கம்பியோ குடிநீர்க் குழாயோ போகிறதா என்றும், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட உள்ளூர் விதி சொல்கிறது என்றும் விசாரித்துவிடுங்கள்.

இனி தரை. நான்கு பக்கமும் ஓர் அடி கூடுதலாக, அதாவது 10 அடிக்கு 8 அடி, முளை அடித்து நூல் கட்டுங்கள். அதற்குள் புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் 4 அங்குல ஆழத்துக்கு வாருங்கள். மேல்மண்ணில் மக்கும் பொருள் அதிகம். அதை விட்டுவிட்டு மேலே ஜல்லி கொட்டினால் அது மக்க மக்கத் தளம் ஒரு பக்கமாக இறங்கும். வாரிய இடத்தில் தண்ணீர் இறங்கக்கூடிய துணிவிரிப்பைப் போடுங்கள். பாலித்தீன் தாள் வேண்டாம். களை வராது என்று நினைத்துப் பலர் அதைத்தான் விரிக்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்துத் தட்டு மாதிரி வைத்துக்கொள்ளும், மேலே இருக்கும் மரம் அந்த ஆவியிலேயே வேகும். விரிப்பின் மேல் முக்கால் அங்குல ஜல்லியை 4 அங்குலக் கனத்துக்குப் பரப்பித் திமிசு போடுங்கள், அதாவது இடித்து இறுக்குங்கள். கணக்குப்படி 27 கன அடி. திமிசு போட்டால் அமுங்கும் என்பதால் 33 கன அடி வாங்குவதே சரி. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பாகம் பொலபொலவென்றே இருக்கும். 2 அங்குலம் போட்டு இடித்து, மறுபடி 2 அங்குலம் போட்டு இடிக்க வேண்டும்.

ஜல்லியின் மேல் ஒன்பது சாலிட் பிளாக்குகள் (உள்ளே துளையில்லாத கான்கிரீட் கற்கள்), வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. இவற்றின் தலை ஒரே மட்டத்தில் இருப்பதுதான் முழு வேலையிலும் முக்கியமான கட்டம். இரண்டடி ரசமட்டத்தை ஒவ்வொரு பிளாக்காக நகர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டே போனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து கடைசி மூலையில் அரை அங்குலமாக நிற்கும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல்தான் இதற்கு ஏற்றது. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை முதல் பிளாக்கின் அருகே பிடித்து, மறுமுனையை மற்ற எட்டுக்கும் கொண்டு போங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். நிரப்பியதும் இரு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். அளவெடுக்கும்போது இரு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒன்றைக் கட்டைவிரலால் மூடியிருந்தால் தண்ணீர் நகராது.

பிளாக்கின் தலை ஜல்லியிலிருந்து 6 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். அந்த இடைவெளி இரண்டு வேலை செய்கிறது. காற்று அடியில் புகுந்து மரத்தை உலர்த்தும். கரையான் ஏறினால் அதன் மண்கூடு பிளாக்கின் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும். இடைவெளியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் இந்த இரண்டும் போயிற்று.

சிலர் பிளாக் எதற்கு, நான்கு கம்பத்தை மண்ணில் நட்டுக் கட்டலாமே என்பார்கள். மண்ணில் நட்ட மரம் ஆழத்தில் கெடாது. தரைமட்டத்தில்தான் கெடும். கீழே ஈரம் உண்டு, காற்று இல்லை. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்பதில்லை. இரண்டும் சேரும் இடம் தரையோடு ஒட்டிய அந்த இரண்டு மூன்று அங்குலம்தான். பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். பழைய வேலிக்கம்பம் எதையாவது அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். மேலே மரம் கெட்டியாக இருக்கும்போதே அங்கே மட்டும் கேக்கில் இறங்குவது போல இறங்கும்.

மரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை அழுக்கும் பூஞ்சை வளர்வதில்லை. கொட்டகையில் நாம் செய்கிற அத்தனை ஏற்பாடும் அந்த எண்ணுக்குக் கீழே மரத்தை வைத்திருப்பதற்குத்தான். வைரம் பாய்ந்த மரம் பெரும்பாலும் தானே தாக்குப்பிடிக்கும். வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளுத்த மரம், எந்த மரத்திலும் நிற்காது. வாங்கும் சட்டத்தின் ஓரத்தில் வெளுத்த பட்டை ஓடினால் அதை உட்கூரைக்கு ஒதுக்குங்கள், அடிச்சட்டத்துக்கு வேண்டாம். மருந்தேற்றிய மரம் என்றால், அறுத்த முனையில் மருந்து இறங்காத உள்மரம் வெளியே தெரியும். மரம் முனை வழியாகத்தான் பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கிறது. அறுத்த ஒவ்வொரு முனைக்கும், மாட்டுவதற்கு முன்பே, மருந்தை இரண்டு முறை தூரிகையால் கொடுங்கள். மாட்டிய பிறகு தூரிகை அங்கே போகாது. மருந்தேற்றிய துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள், புகை நஞ்சு. செம்பு சேர்ந்த மருந்து வெறும் இரும்பைச் சீக்கிரம் அரிக்கும் என்பதால் ஆணி, ஸ்க்ரூ எல்லாம் கனமான துத்தநாகப் பூச்சு உள்ளதாக இருக்க வேண்டும்.

அளவு பற்றி ஓர் எச்சரிக்கை. கடையில் "4-க்கு 2" (4 அங்குலத்துக்கு 2 அங்குலம்) என்று சொன்னாலும் இழைத்த பிறகு அது அதைவிடச் சிறியது. கீழே நாங்கள் தரும் நீளங்கள் முழுக்கனச் சட்டத்துக்கானவை. கையில் இருக்கும் சட்டத்தை டேப் வைத்து அளந்து, அதன்படி கழித்துக்கொள்ளுங்கள்.

பிளாக்கின் மேல் ஒரு துண்டு தார்த்தாள் வைத்து, அதன் மேல் 4-க்கு 3 அடிச்சட்டம், 8 அடி நீளத்தில் மூன்று. அவற்றின் மேல் 4-க்கு 2 சட்டத்தில் தளத்துக்கான கூடு. முன்னும் பின்னும் 8 அடிச் சட்டம் ஒவ்வொன்று, நடுவே குறுக்குச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு. குறுக்குச்சட்டத்தின் நீளம் 6 அடி அல்ல, 5 அடி 8 அங்குலம். இரு பக்கமும் 2 அங்குலச் சட்டம் ஒட்டுவதைக் கழிக்க மறந்தால் தளம் 6 அடி 4 அங்குலமாகிவிடும், அடுத்து வரும் எதுவும் பொருந்தாது. கூடு சேர்ந்ததும் ஆணியை முழுவதும் இறக்காமல் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டும் 10 அடியாக, 3 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறைந்தால், நீண்ட பக்கத்தின் மூலையை உள்நோக்கி மெதுவாகத் தட்டுங்கள். வித்தியாசத்தில் பாதி அளவு குறைந்தால் போதும், மறுபக்கம் அதே அளவு தானே கூடிவிடும். சரியானதும் ஒரு ரீப்பரை (மெல்லிய மரச்சட்டத்தை) மூலைவிட்டமாக அடித்துப் பூட்டிவிட்டுத் தளத்தைப் போடுங்கள்.

தளத்துக்கு 18 மில்லிமீட்டர், நீர்தாங்கும் ப்ளைவுட். நீளவாக்கில், குறுக்குச்சட்டங்களுக்குக் குறுக்காகப் படுக்க வையுங்கள். இரண்டு தாளும் சேரும் கோட்டின் அடியில் துண்டுச்சட்டங்கள் கொடுக்காவிட்டால் மிதிக்கும்போது ஒரு ஓரம் மட்டும் தாழும். தாளுக்கும் தாளுக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். தளம் இப்போது தரையிலிருந்து ஏறத்தாழ 15 அங்குல உயரத்தில் இருக்கும். தள்ளுவண்டி ஏற்றச் சாய்தளம் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்து, கொட்டகையோடு ஒட்டாமல் வையுங்கள். ஒட்டினால் கரையானுக்கு அதுவே பாலம்.

ஏற்கெனவே சிமெண்ட் தளம் இருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஆனால் அது கொட்டகையை விடப் பெரிதாக இருந்தால், சுவரில் வழியும் தண்ணீர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விளிம்பில் விழுந்து, கீழ்ச்சட்டத்தின் அடியில் புகும். அப்படிப்பட்ட இடத்தில் அடிச்சட்டம் கொடுத்து உயர்த்தியே கட்டுங்கள்.

சுவர்கள் 3-க்கு 2 சட்டத்தில். முன்சுவர் 7 அடி, பின்சுவர் 6 அடி, கூரை ஒரே சரிவு. அடிக்கு 2 அங்குலம் இறங்குகிற இந்தச் சரிவு தகரக் கூரைக்குத் தாராளம். முன்பின் சுவர்கள் 8 அடி நீளம். பக்கச் சுவர்கள் அவற்றுக்கு இடையே உட்காருவதால் 6 அடியில் 6 அங்குலம் கழித்து 5 அடி 6 அங்குலம். நிற்கும் சட்டங்கள் 2 அடிக்கு ஒன்று. முன்சுவரில் கதவுக்கு 3 அடி அகலம் விட்டு, மேலே இரண்டு 4-க்கு 2 சட்டத்தைச் சேர்த்து நிமிர்த்தி உத்தரமாக வையுங்கள். மேல்சட்டம் போக, கதவுத் திறப்பு 6 அடி 6 அங்குல உயரம் கிடைக்கும். பக்கச் சுவரின் தலையைச் சாய்வாக அறுத்துச் செய்யச் சொல்லும் செய்முறைகள் உண்டு. புதியவர்கள் அங்கேதான் மரத்தை வீணாக்குகிறார்கள். பக்கச் சுவரையும் 6 அடி நீள்சதுரமாகவே செய்து நிறுத்துங்கள். மேலே வரும் முக்கோணத்தைக் கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டம்) ஏறிய பிறகு, அதனடியில் அளந்து துண்டுச்சட்டங்களால் நிரப்பலாம். சாய்வை மரமே காட்டிவிடும்.

எல்லாச் சுவரையும் தளத்தின் மேல் படுக்கவைத்தே அடித்துச் சேருங்கள். பின் இரண்டு பேராகத் தூக்கி நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, தற்காலிகச் சாய்சட்டம் கொடுங்கள். காற்றடிக்கும் நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஒரு சங்கதி, இதைப் பல செய்முறைகள் சொல்வதே இல்லை. நான்கு சட்டத்தால் ஆன சதுரம் தன் வடிவத்தைத் தானே காப்பாற்றாது. பக்கத்திலிருந்து தள்ளினால் சாய்ந்துவிடும். படுக்கைவாக்கில் அடிக்கும் பலகை அதைத் தடுக்காது, பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கூடவே சாயும். ஒவ்வொரு சுவரிலும் உட்பக்கம் ஒரு சாய்சட்டம், கீழ் மூலையிலிருந்து மேல்சட்டம் வரை, கட்டாயம் வேண்டும். முக்கோணம்தான் அசையாது. ஒரு வருடம் கழித்துக் கதவு தட்டும்போது கீலைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள், ஒரு தடவை முன்சுவரின் மூலைக்கு மூலை அளந்து பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

கைமரம் 4-க்கு 2, ஐந்து. முன்னும் பின்னும் சுவரைத் தாண்டி 9 அங்குல இறவாரம் விட்டால் ஒன்றின் நீளம் 7 அடி 7 அங்குலம் வரும், 8 அடி மரம் வாங்குங்கள். மேல்சட்டத்தில் உட்கார வெட்டும் காடி, மரத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இங்கே ஒன்றேகால் அங்குலம். அதைத் தாண்டினால் கைமரம் அந்த இடத்தில்தான் பிளக்கும். பனி கொட்டிக் கிடக்கும் ஊர்களில் கைமரங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்குங்கள். குறுக்கே 9 அடி ரீப்பர் ஐந்து, அதன் மேல் 8 அடி நெளிதகரம். தகரத்தை அதிகமாகக் காற்று வரும் திசைக்கு எதிர் ஓரத்திலிருந்து போட்டுக்கொண்டு வாருங்கள், மேலேறும் ஓரத்தில் காற்று நுழையாது. பக்கவாட்டில் ஒன்றரை நெளி ஏறட்டும். ஸ்க்ரூ நெளியின் மேட்டில் போக வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. ரப்பர் வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். விளிம்பு பிதுங்கும்வரை இறுக்கினால் ரப்பர் சீக்கிரம் வெடித்து அந்த ஓட்டையே ஒழுகும். இரவில் தகரம் குளிர்ந்து உள்ளே வியர்க்கும் என்பதால் இறவாரத்தின் அடியில் முன்னும் பின்னும் காற்றுவழியை அடைக்காமல் வலையடித்து விடுங்கள்.

இந்தக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழைக்கு 160 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். அத்தனையும் பின்சுவரோரம் ஒரே கோட்டில் விழுந்து, தெறித்து, கீழ்ப்பலகைகளை நனைக்கும். ஆகவே பின்புறம் பீலி (மழைநீரைப் பிடித்து ஓடவிடும் வாய்க்கால் தகடு) மாட்டுவது அலங்காரத்துக்கு அல்ல. 9 அடி நீளத்துக்கு அரை அங்குலச் சரிவு போதும். ஒரு தொட்டியில் பிடித்தால் தோட்டத்துக்கே ஆகும்.

வெளிப்பலகை 6 அங்குல அகலம், 20 மில்லிமீட்டர் கனம், ஒன்றின்மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறும். அப்படியானால் ஒரு பலகை மறைப்பது 5 அங்குலம்தான். கதவு நீங்கலாகச் சுவர்ப்பரப்பு 162 சதுர அடி. 5 அங்குலக் கணக்கில் 390 ரன்னிங் அடி, சேதாரம் சேர்த்து 430. ஆறங்குலமாகவே கணக்குப் போட்டவருக்கு 65 அடி பலகை குறையும், அதுவும் கடைசிச் சுவர் பாதியில் நிற்கும்போது. கீழேயிருந்து தொடங்குங்கள். முதல் பலகை தளத்தின் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம் கீழே தொங்கட்டும், வழியும் நீர் அங்கே சொட்டிவிடும். ஒரு பலகைக்கு, ஒரு சட்டத்தில், ஒரே ஆணி. அதுவும் அடியிலிருக்கும் பலகையின் தலைக்கு மேலாக, அதைத் துளைக்காமல். மரம் மழையில் விரியும், வெயிலில் சுருங்கும். மேலும் கீழும் இரண்டு ஆணி அடித்து இழுத்துப் பிடித்தால் முதல் கோடையிலேயே நடுவில் வெடிக்கும். ஆணியின் நீளம் பலகைக் கனத்தைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 50 மில்லிமீட்டர். ஏறத்தாழ 300 ஆணி பிடிக்கும்.

கதவில் எல்லாரும் தவறும் இடம் ஒன்றே. செங்குத்துப் பலகைகளைக் குறுக்குப் பட்டைகளால் சேர்த்து, நடுவே சாய்வுப் பட்டை ஒன்று கொடுக்கிறோம் அல்லவா, அது எந்தப் பக்கம் சாய வேண்டும்? அடி கீல் பக்கம், தலை தாழ்ப்பாள் பக்கம். கதவின் பாரம் தாழ்ப்பாள் பக்கம்தான் தொங்குகிறது. சாய்வுப் பட்டை அந்தப் பாரத்தைத் தாங்கிக் கீழ்க்கீலில் இறக்குகிறது. தலைகீழாக வைத்தால் பட்டையை இழுக்கும், ஆணிகள் நெகிழும், கதவு தொங்கும். கீல் மூன்று போடுங்கள். இடைவெளி கீல் பக்கம் 3 மில்லிமீட்டர், தாழ்ப்பாள் பக்கம் 5, அடியில் 12. கோடையில் செய்கிற கதவாக இருந்தால் பலகைகளுக்கிடையே தலா 2 மில்லிமீட்டர் விடுங்கள். ஆறு பலகையும் மழையில் ஒன்றரை மில்லிமீட்டர் விரிந்தாலே மொத்தம் 9 ஆகிறது, கதவு நிலைக்குள் அடங்காது.

பிளாக் மேல் கொட்டகை உட்கார்ந்திருக்கிறதே தவிர, அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. காற்று கூரையின் அடியில் புகுந்தால் தூக்கிவிடும். நான்கு மூலையிலும் 2 அடி ஆழக் குழியில் இரும்பு ஆங்கிளை நிறுத்திக் கான்கிரீட் போட்டு, அடிச்சட்டத்தோடு போல்ட் முடுக்குங்கள். அடிச்சட்டத்திலிருந்து தளக்கூடு, கூட்டிலிருந்து சுவர், சுவரிலிருந்து கைமரம் என்று ஒவ்வொரு இணைப்பிலும் தகரப் பட்டை வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை வீண்.

வண்ணமோ எண்ணெயோ, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு. பலகைகளை மாட்டுவதற்கு முன்பே நான்கு பக்கமும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால், பிறகு சுருங்கும்போது ஏறுமடிப்பில் வெள்ளைக் கோடு தெரியாது.

முதல் பெருமழை முடிந்ததும் ஒரு டார்ச்சோடு கொட்டகையின் அடியில் குனிந்து பாருங்கள். ஏதாவது ஒரு பிளாக் மட்டும் நனைந்து கறுத்திருந்தால் அந்த மூலையில்தான் தண்ணீர் வருகிறது. அடிச்சட்டத்துக்கும் பிளாக்குக்கும் இடையே ஒரு தாள் நுழைகிற இடைவெளி தெரிந்தால் அந்தப் பிளாக் இறங்கியிருக்கிறது. சின்ன ஜாக்கி வைத்து சட்டத்தைத் தூக்கி, ஜல்லி சேர்த்து இடித்து, மறுபடி மட்டம் பாருங்கள். அரை மணி நேர வேலை. அடுத்த மழைக்குள் செய்துவிட்டால் கதவு தட்டாது.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகர்கள் இருவர்